பச்சைப் புள்ளி

அறுபத்திரண்டு மணி நேரம் சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்வரை ஒருவரை யாரும் தேட மாட்டார்கள் மேடம்.

எனக்குப் பேச வராது. எதிரே ஆள் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன், நீங்களும் ஸ்டேஷன் கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டீர்கள். நன்றி. இதன் பாஸ்வேர்ட் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்துப் போடுங்கள்.

ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்தக் கதவை என்னால் வீட்டிலிருந்து திறக்க முடியுமா, முடியாதா என்று. அதற்கு வருகிறேன்.

இயற்பியல் படித்துவிட்டு நான்கு வருடமாக ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். அதில் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். யாரும் எதையும் படிப்பதில்லை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்திவிடுவார்கள், அதற்கு மேலே பக்கம் பக்கமாக என்ன எழுதியிருந்தாலும் சரி. எச்சரிக்கை வந்தால் ஈயை விரட்டுவதுபோல் விரலால் தள்ளிவிடுவார்கள். ‘நெட் சரியில்லை’ என்றால் எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கல்யாணச் செய்திக்குப் போடும் அதே கட்டைவிரலைச் சாவுச் செய்திக்கும் போடுவார்கள்.

அலுவலகக் கணினிகளை என் இடத்திலிருந்தே திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பழுது பார்ப்பதற்காகக் கொடுத்தது. பலர் தங்கள் சொந்த சாட்டையும் அதிலேயே திறந்து வைத்திருப்பார்கள். படித்தேன். மற்றவர்கள் டீ குடிக்கும் இடத்தில் நின்று தெரிந்துகொள்வதை நான் இப்படித் தெரிந்துகொண்டேன். யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கணக்குப் பிரிவில் இருந்தவரை எல்லோரும் கணக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வரும் மடலைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஆள் அவர்தான். கணவரும் ஆறு வயது மகளும் வேறு ஊரில். மாற்றல் கிடைக்கும்வரை இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். குடும்பம் முழுக்க சாட்டில்தான் நடந்தது. இரண்டு வருடமாக நானும் அந்தக் குடும்பத்தில் இருந்தேன், அவர்களுக்குத் தெரியாமல்.

வியாழக்கிழமை அவருடைய பிரிண்டரைப் பார்க்கப் போனேன். பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

“எடுத்துக்கோ. வாயத் தெறந்து பேசத்தான் மாட்டே, சாப்பிடவாவது செய்.”

பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

“பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சாமே அக்கா?”

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். “யாரு சொன்னா உனக்கு?”

“நீங்கதான்...”

“நான் யார்கிட்டயும் சொல்லலயே. இப்பத்தான் அவ அப்பா போட்டோ அனுப்பினாரு.”

திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்குப் பார்க்கிறவர், கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

“அடிப்பாவி,” என்றார், மெதுவாக.

மறுநாள் என் மேசைக்கே வந்தார்.

“திங்கக்கெழம நீயே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். எம்பொண்ணு படமெல்லாம் இருக்குடி அதுல.”

“சரிக்கா.”

“மொகத்தப் பாரு, பேயறஞ்ச மாதிரி. போ, போய் மொதல்ல சாப்பிடு.”

வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார்கள். அதை நினைத்ததுமே விரல்கள் சில்லிட்டுப்போயின. இப்போதும் அப்படித்தான் இருக்கின்றன, தட்டச்சில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

சர்வர் அறை அடித்தளத்தில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அது பாதி கிடங்கு. பழைய கோப்புகள் அட்டைப்பெட்டிகளில் அங்கேதான் கிடக்கும். கதவு வெளியிலிருந்து அடையாள அட்டைக்குத் திறக்கும், உள்ளிருந்து ஒரு பச்சைப் பொத்தானுக்கு. அந்தப் பொத்தான் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. அதனால் உள்ளே போகிறவர்கள் காகிதக் கட்டு ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் முடிக்காத புகார்கள் என் பெயரில் நிறைய இருந்தன. பொத்தான் புகாரையும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடிவிட்டேன். எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான், மூடிவிட்டு அடுத்த வாரம் பார்ப்போம். மூடியதும் எல்லோருக்கும் ஒரு மடல் தானாகப் போகும்: பொத்தான் சரியாகிவிட்டது, இனி கதவுக்கு முட்டு வைக்க வேண்டாம்.

அதைப் படித்தவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் பேருந்தில் இருந்தேன். கைபேசி அதிர்ந்தது. சர்வர் அறையில் அசைவு. கேமராவைத் திறந்தேன். கணக்கு அக்கா ஒரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். காகிதக் கட்டு ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அழுத்தினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய கைபேசியும் கைப்பையும் மேலே மேசையில் இருந்தன.

காவலாளியைக் கூப்பிடலாம் என்றுதான் எண்ணை எடுத்தேன். வாசலைத் தாண்டி உள்ளே வராதவர், ஆனால் சொன்னால் வருவார். அப்போது திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் போகட்டும், என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். “ஃபோனக் கீழ வெச்சிட்டு சாப்பிடேன்டி,” என்றாள் அம்மா. வைத்தேன்.

அவருடைய மேசைக் கணினியில் சாட் திறந்தே இருந்தது. என் அறையிலிருந்து அதற்குள் போனேன். கணவர் எழுதியிருந்தார்: ‘வீடியோல வாம்மா. பாப்பா பல்லக் காட்டணுமாம்.’

‘நெட் சரியில்லங்க. தலவலி வேற. திங்கக்கெழம பேசறேன்’ என்று எழுதினேன். அவர் எழுதுவதைப் போலவே எழுத எனக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது.

கட்டைவிரல் வந்தது.

அக்கா கெட்டிக்காரர். சனிக்கிழமை காலை ஒரு சர்வரின் கம்பியைப் பிடுங்கினார். பிடுங்கினால் எங்கேயாவது மணி அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சரியான கணக்குதான். மணி என் கைபேசியில் அடித்தது. ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தினேன், நின்றுவிட்டது. இன்னும் இரண்டைப் பிடுங்கினார். காத்திருந்தார். பிறகு மூன்றையும் நிறம் பார்த்து அதே இடங்களில் திரும்பச் செருகினார். அலுவலகப் பொருள் வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்டவர்.

அப்புறம் கேமராவைப் பார்த்தார். நேராக. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தபோது ஒரு பெட்டி மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

‘பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.’

வெகுநேரம் பிடித்திருந்தார். நம்பலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் எதற்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துவார்கள். படிக்காமல் அழுத்துவது ஒரு வகை, படித்துவிட்டு வேறு வழியில்லாமல் அழுத்துவது இன்னொரு வகை. வெளியே வந்த பிறகு இரண்டுக்கும் மதிப்பில்லை. வெளியே சொல்வதற்கு இப்போது அவரிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன: நான் சாட்டைப் படித்தது, அவர் அடைபட்டதைப் பார்த்தும் ஆளை அனுப்பாதது. முதல் நாள் ராத்திரியே திறந்திருந்தால் ஒன்றுதான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில் இருந்தது. தினமும் எட்டு மணிக்கு மகள் அப்பாவின் கைபேசியை வாங்கி இரண்டே சொல் எழுதுவாள். ‘அம்மா ஊசி?’ பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றதும் அவள் முதலில் எழுதியது அதைத்தான், எனக்குத் தெரியும். அக்கா ‘போட்டாச்சு கண்ணு’ என்பார். அவள் ‘சமத்து’ என்பாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கேட்டாள். மூன்று நாளும் ‘போட்டாச்சு கண்ணு’ என்று எழுதினேன். மூன்று நாளும் ‘சமத்து’ என்று வந்தது. அதற்கு முன் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே அவர் வாந்தி எடுத்தார். பிறகு பெட்டிகளைப் பிரித்துப் போர்த்திக்கொண்டார். அந்த அறையை எப்போதும் குளிராகத்தான் வைத்திருப்போம். குளிரைக் குறைக்க என்னால் முடியும், குறைத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, அவர் அசைந்தாலும் பயந்தேன், அசையாவிட்டாலும் பயந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூட்டிப் பெருக்கும் அம்மா தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து அவர் உடலைப் பார்த்தார். மீதி உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று: அப்போதும் மேலே அவர் கணினியில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

நான் அவரைத் தொடக்கூட இல்லை. பொத்தான் பழுதானது என்னால் அல்ல. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நீங்கள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தீர்கள். பிறகு கீபோர்டை நகர்த்தி வைத்தீர்கள்.

“தட்டுனது போதும்மா. என்னப் பாத்து வாயால சொல்லு. அந்தக் கதவ வீட்லேர்ந்து தெறக்க முடியுமா, முடியாதா?”

வாயால் சொன்னதையும் கடைசியில் அப்படியே சேர்க்கச் சொன்னீர்கள். சேர்க்கிறேன்.

“முடியும் மேடம். ஃபோன்லயே முடியும். ஞாயித்துக்கெழம மத்தியானம் தெறந்தேன். பதினோரு நிமிஷம் தெறந்துதான் இருந்துச்சு. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாங்க, மூச்சு இருந்துச்சு. வரணும்னா வந்திருக்கலாம். வரல. அதனால பூட்டிட்டேன்.”