வேலிக் கம்பத்துச் சிவப்புத் துணி

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கு அப்பால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பழத்தோட்டம். அதனால் என்னைக் கடைசி வீட்டம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவர் மர ஆலையில் வேலை பார்த்தவர். மரத்தூள் போய்ப் போய் அவருக்கு நுரையீரல் பாதி கெட்டுவிட்டது. ஒரே மகன் நகரத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான்.

இரண்டு மலைகளுக்கு நடுவில், முன்பு விளைநிலமாக இருந்த இடத்தில்தான் எங்கள் குடியிருப்பைக் கட்டினார்கள். அமைதியான இடம் என்று சொல்லி விற்றார்கள். அமைதிதான், நாய் குரைத்தால் எந்த வீட்டு நாய் என்று சொல்லிவிடலாம். ஆனால் தோட்டத்தில் மரங்களுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் நாட்களில் மருந்து காற்றோடு எங்கள் சமையலறைக்குள் வரும். குடிவந்த புதிதில் இதற்காகக் கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், தோட்டத்துக்காரரோடு வேலி ஓரமாக நின்று சண்டை பிடித்தார்கள். பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். அதன்பின் ஒருநாள் தோட்டத்துக்காரரின் மனைவி ஒரு பழைய சிவப்பு மேசைவிரிப்பைக் கிழித்து, அதில் ஒரு துண்டை எங்கள் பக்கத்து வேலியின் மூலைக் கம்பத்தில் கட்டிவிட்டு, துணி இருந்தால் அன்று மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுதான் நடைமுறை.

மருந்து அடிக்கும் நாளில் விடிந்ததும் தோட்டத்துக்காரர் துணியைக் கட்டுவார். மருந்து கலக்கி வண்டியில் ஏற்றி வேலையைத் தொடங்க வெகுநேரம் ஆகும். முடித்து, வாடை போனபின் அவிழ்ப்பார். காற்று அதிகமாகிவிட்டால் மருந்து அடிக்காமல் நிறுத்திவிடுவார், அப்போதும் அவிழ்ப்பார். துணி இருந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், காயப்போட்டதை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் பாட்டுக்கு இருக்கலாம். "நம்ம தெருவுக்கு அந்தத் துணிதான் அரசாங்கம்" என்று என் கணவர் கேலி செய்வார். ஆனாலும் காலையில் எழுந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்பார். இத்தனை வருடத்தில் தோட்டத்துக்காரர் ஒருமுறைகூடக் கட்டத் தவறியதில்லை.

என் மகன் நாலைந்து வருடமாக இந்த வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொல்லிக் கொண்டிருக்கிறான். அப்பாவின் நெஞ்சுக்கு இந்த மருந்துக் காற்று ஆகாது என்பான். அவன் அப்பா பிடி கொடுக்கவில்லை. கடைசியில் எனக்கே அலுத்துப்போய், யாராவது வந்தால் காட்டு என்று சொல்லிவிட்டேன். அதன்படி சென்ற செவ்வாய்க்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருவதாகச் சொல்லி, அவன் முந்தின நாளே வந்து தங்கினான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குப்பையை வெளியே வைக்கப் போனபோது கம்பத்தில் துணி கட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தோட்டத்துக்காரர் கம்பத்தடியில் நின்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை தூக்கினார், நானும் தூக்கினேன். உள்ளே வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பின்பக்கக் கதவைச் சாத்தினார். மகன் அப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான், அவன் காதிலும் விழுந்தது.

அதன்பின் ஒரு புருஷன் பெண்டாட்டி காரில் வந்து இறங்கினார்கள். சின்ன வயசு. அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மகன் என்னிடம், "நீங்க கொஞ்ச நேரம் கடைக்குப் போயிட்டு வாங்கம்மா. நீங்க இருந்தா எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்துவிட்டு, ரொட்டியும் பாலும் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வந்தவர்களும் மகனும் வீட்டில் இல்லை. பூங்காவையும் கடைத்தெருவையும் காட்ட அழைத்துப் போயிருந்தான். வீட்டுக்குள் மருந்து வாடை அடித்தது. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. என் கணவர் கொல்லையில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார், உதடு நீலமாக இருந்தது. மருந்து வண்டி மர வரிசைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தியது தோட்டத்துக்காரருக்குக் கேட்கவில்லை, அவர் காதையும் முகத்தையும் மூடியிருந்தார். நான் கம்பத்தைப் பார்த்தேன், துணி இல்லை. என் கணவர் இரண்டு மூச்சுக்கு நடுவில், "துணிய எடுத்துட்டாரேன்னுதான் வந்து உக்காந்தேன். வாடை வந்துச்சு, வேற தோட்டத்துல அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார். மூக்கைக்கூட நம்பாமல் அந்தத் துணியை நம்பியிருக்கிறார். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அதன்பின் ஆம்புலன்ஸை வரவழைத்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மகன் பின்னாலேயே வந்து சேர்ந்தான். மருத்துவமனை நடைக்கூடத்தில் குளிர் தாங்காமல் நான் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தன் மேல்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினான். கோட்டுப் பையில் கை விட்டபோது துணி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன், அதே சிவப்பு விரிப்பின் துண்டுதான். திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தேன். எனக்கு எதையும் யோசிக்கத் தெம்பு இல்லை.

சற்று நேரத்தில் காவலர் வந்து விசாரித்தார். அப்போது என் மகன், தோட்டத்துக்காரர் அன்று எச்சரிக்கைத் துணி கட்டாமல் மருந்து அடித்தார் என்று சொல்லி எழுதிக் கொடுத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தெருவில் விசாரித்தபோதும், மருந்து வண்டி ஓடியபோது கம்பத்தில் துணியைப் பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த நேரத்தில் துணி இல்லை. மறுநாள் தோட்டத்துக்காரரைக் கூட்டிப் போனார்கள், மருந்து வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள். மருந்து அடிக்கிற உரிமம் போய்விடும் என்கிறார்கள். காய் பிடித்திருக்கும் நேரத்தில் மருந்து இல்லாவிட்டால் பூச்சி எதையும் மிச்சம் வைக்காது.

வியாழக்கிழமை என் கணவர் கண் விழித்து, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "அவர் அப்படிப் பண்ற ஆள் இல்லையே" என்றார். அன்று மாலை மகனிடம் தனியாகக் கேட்டேன்.

"அந்தத் துணி எப்படிடா உன் பையில வந்துச்சு?"

அவன், "கொழந்தையோட வந்திருக்காங்க. அது என்னன்னு கேட்டா என்னம்மா சொல்றது? அவங்கள அனுப்பிட்டு உடனே கட்டிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆரம்பிப்பாருன்னு நினைக்கல" என்றான்.

"உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பாரா?"

"சரி, அந்த மனுஷன் மேல ஏன் எழுதிக் கொடுத்தே?"

"கேட்டாங்க, வாயில அதுதான் வந்துச்சு. இப்ப மாத்திச் சொன்னா என் வேலை போயிடும்மா. கேஸ் என் மேல வரும்."

அதன்பின் அவன் அழுதான். கல்யாணம் ஆன பிள்ளை அழுவதைப் பார்ப்பது பெரிய கஷ்டம். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, எல்லாவற்றையும்விடக் களைப்பாக இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலையில், நான் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் தடுக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன்: என்னை யாரும் மிரட்டவில்லை. தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து யாரும் என்னிடம் வந்து பேசவில்லை. வந்து திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகன் மீது எனக்கு முன்விரோதம் ஏதும் உண்டா என்றும் கேட்டீர்கள். கிடையாது. அவன் கெட்டவன் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பாவை இந்த மருந்துக் காற்றிலிருந்து எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்றுதான் வீட்டை விற்க அலைந்தான். அதற்காகத்தான் துணியை அவிழ்த்தான். அது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுதுகிற அம்மா சொன்னார். எனக்குத் தேவை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

அவனேதான் இன்று என்னை வண்டியில் கூட்டி வந்தான். நிலையத்து வாசலில் நான் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கு, பாத்து வாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் முடித்ததும் அவனைக் கூப்பிடுவீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இதில் உள்ளது நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே. வரி வரியாகப் படித்துக்காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதியப்பட்டது.
உதவி ஆய்வாளர்