நாங்கள் அழித்த வளைகோடுகள்

இருபத்தாறு ஆண்டுகள் இரசாயனம் பயிற்றிய இனியவரே! பொய்யறியாப் பண்பாளரே! அப்பாத்துரை ஐயா அவர்களே!

இங்கே சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் நடந்ததா, பத்தில் நடந்ததா என்று எங்களுக்குள்ளேயே ஒருமனமில்லை. யார் எங்கே நின்றோம் என்பதும் மங்கிவிட்டது. செய்தது மட்டும் மறக்கவில்லை.

சாராயமும் காடியும் கூடிப் பழவாசனை பிறக்கும்போது எது பிரிகிறது, எது எங்கே சேர்கிறது என்று வளைந்த கோடிழுத்துக் காட்டுவது தங்கள் வழக்கம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சென்னையிலிருந்து பரிசோதகர் வந்த காலையில், இரசாயன வகுப்பு இருப்பதும் மூடப்படுவதும் அவர் கையில் இருந்தது. தாங்கள் ஜெபத்துக்குச் சென்ற நேரம், பயந்துபோய், பலகையிலிருந்த கோடுகளை உடனாசிரியர்களான நாங்கள் அழித்துவிட்டோம்.

திரும்பி வந்தீர்கள்.

"ஏலே மாடக்கண்ணு, பலகையைத் தொட்டது யாருலே?"

ஆய்வுக்கூடப் பணியாளர் மாடக்கண்ணு எங்களை ஒருமுறை பார்த்தார். "நான்தான் அய்யா. தூசின்னு தொடச்சுட்டேன்."

"இருவது வருசமா பாக்குத. இன்னைக்குத்தான் தூசியாத் தெரிஞ்சுதோ?"

அவ்வளவுதான். பரிசோதகர் வாசலில் நிற்கும்போதே எல்லாக் கோடுகளையும் மறுபடி வரைந்தீர்கள்.

"இதென்ன ஓய், பாம்பாட்டி வித்தையா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார் பரிசோதகர்.

"எதிலும் இல்லை ஐயா. உள்ளே இப்படித்தான் நடக்கிறதென்று சத்தியமும் செய்யமாட்டேன். பிள்ளைகளின் நினைப்பு தடுமாறாமல் நடக்க ஒரு கைப்பிடி."

வகுப்பில் நடத்தாத ஓர் இரசாயனச் சேர்க்கையைச் சொல்லி, மாணவர் வன்னியராஜை அழைத்தார் பரிசோதகர். வன்னியராஜ் ஒரே ஒரு வளைகோடு இழுத்தார்; விடை வந்தது. பரிசோதகர் அந்தக் கோட்டைத் தம் ஏட்டில் பார்த்து வரைந்துகொண்டார். பிறகு, "வகுப்பு நடக்கட்டும்" என்றார்.

ஐயா, அழித்தது நாங்கள். சென்ற வாரம், இதை மடலில் எழுதப்போகிறோம் என்று மாடக்கண்ணுவிடம் சொன்னோம். அவர் சிரித்தார்.

"அய்யாவுக்கு அன்னைக்கே தெரியும். என் கை சுத்தமால்லா இருந்துச்சு! சுண்ணாம்பு பூராவும் உங்க கோட்டுக் கையில."

அறிந்தும், ஐந்தாறு ஆண்டுகள் எங்களோடு ஒரே மேசையில் உண்டு, ஒரு சொல்லும் சொல்லாத பெருந்தகையே! நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. பணி ஓய்வுக்குப்பின் துணைவியார் யூனிஸ் அம்மையாரோடு முக்கூடலில் நோயின்றி நெடுங்காலம் வாழ்வீர்களாக!

வகுப்பு நடக்கிறது. வன்னியராஜ் ஏரலில் ஆசிரியராயிருக்கிறார். பரிசோதகர் காலமாகிவிட்டார். மாடக்கண்ணுவும் இவ்வாண்டு ஓய்வுபெறுகிறார். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர் அவரே. பலகையிலுள்ள வளைகோடுகளை இப்போது யாரும் அழிப்பதில்லை, தாமே வரைந்து பார்க்க அழிக்கும் தங்கள் மாணவர்களைத் தவிர.

தங்கள் அன்புக்குரிய,
கல்லூரி ஆசிரியர்கள்
பாளையங்கோட்டை, 1915