கண்ணாடியைப் பார்த்து எழுதிய பரீட்சை

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று கம்பெனிகளில் வேலை கேட்டு, மூன்றிலும் இல்லையென்று சொன்ன பிறகு ஆவடி பஸ்ஸில் ஏறி நின்றேன். பக்கத்தில் காக்கி யூனிபாரம் போட்ட, மீசை நரைத்த ஒருவர் தன் நண்பரிடம் சொன்னார்:

“நேத்து பரீட்சைல காப்பி அடிச்சு மாட்டிகினேன், மச்சான்.”

“இந்த வயசுல இன்னா பரீட்சை?”

“பொண்ணுக்குப் படிப்பு ஏறல, டி.சி. குடுங்கன்னு கேக்க ஸ்கூலுக்குப் போனேன். டீச்சரு, ‘முதல்ல இத எழுதுங்க’ன்னு பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. கைய அட்டையால மறைச்சுகினு, எதிர்ல கீற கண்ணாடிய மட்டும் பாத்து நாலு வரி எழுதணும்.”

“அவ்ளோதான?”

“நீ எழுதிப் பாரு. எழுத்தெல்லாம் தெரியுது, கைதான் வேற பக்கம் போவுது. பக்கத்துல ஒரு பாய், பையனுக்காக வந்தவரு. அவரு பேப்பர எட்டிப் பாத்தா, அவரு என்னுத பாத்து எழுதிகினு கீறாரு. ரெண்டு பேரையும் எழுப்பி நிக்க வெச்சுட்டாங்க.”

“அப்புறம்?”

“‘உங்க பொண்ணுக்கு தெனமும் இப்டித்தான், சோம்பேறித்தனம் இல்ல’ன்னாங்க. டாக்டருங்க அதுக்கு ஒரு பேரு வெச்சுகீறாங்களாம், என் வாயில நுழையல. அவள எத்தினி அடி அடிச்சுகீறேன்.”

“டி.சி. வாங்கினியா?”

“கேக்கவே இல்ல. ஊட்டுக்குப் போய், நான் பெயிலுன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். அவ, ‘வயித்து வலின்னு எழுந்து வந்திருக்கலாமே நைனா, நான் அப்டித்தான் செய்வேன்’னா.”