பத்துக்கு நாலு

— சரியாத்தான் ஞாபகம் இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு டாக்டர். ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம். நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. என் கையெழுத்து இப்ப கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு.

— யாருக்குக் கடுதாசி, கேப்டன்?

— நம்ம டீம்ல ஆடின குட்டையன் பொண்டாட்டிக்கு. இருபத்திரண்டு வருஷமா அந்தம்மா உங்களைத்தானே சபிச்சுக்கிட்டு இருக்கு? மண்டையில அடிபட்டவனை மறுபடி மைதானத்துக்குள்ள அனுப்பின டாக்டர்னு.

— அனுப்பினது நான்தானே.

— அதான் இல்லைங்கறேன். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒவ்வொருத்தனா உக்கார வெச்சு பத்து வார்த்தை படிப்பீங்க. நாங்க திருப்பிச் சொல்லணும். எத்தனை வருதோ, சீட்டுல குறிச்சுக்குவீங்க.

— ம். மேட்ச்ல தலையில அடிபட்டா அதையே மறுபடி கேப்பேன். எண்ணிக்கை குறைஞ்சா வெளிய உக்காரணும்.

— உக்காந்தா போச்சு. நாட்டுக்காக ரக்பி ஆடற ஜெர்சியை அடுத்தவன் மாட்டிக்குவான். அதனால பஸ்ல வெச்சு நான்தான் சொன்னேன், எவனும் நாலுக்கு மேல சொல்லக்கூடாதுன்னு. ஆரம்பத்துலயே நாலுன்னு இருந்தா, மண்டை கலங்கினாலும் ஒப்பேத்திடலாம்ல?

— சரி.

— என்ன சரி? கோவப்படுங்க டாக்டர்! டீம்ல ஒருத்தன் கணக்கு வாத்தியார், ஒருத்தன் வக்கீல். அவனுங்களும் நாலுதான். சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயித்து வலியே வந்துடுச்சு. ஆறடி மூணு அங்குலம் வளர்ந்த குட்டையன் மட்டும், "அண்ணே, எனக்குப் பத்தும் வருதே, பொய்யா சொல்லணும்?"னான். பின்னந்தலையில ஒண்ணு வெச்சேன். விளையாட்டுக்குத்தான்.

— ஃபைனல்ல தலையில அடிபட்டு என் முன்னாடி வந்து நின்னான். கண்ணு எங்கயோ இருந்துச்சு. குடை, ஊசி, பாலம், நாய்னு நாலு சொன்னான்.

— நீங்க இன்னும் மறக்கலையா?

— அதை எப்படி மறக்கறது?

— மறுபடி ஆட ஓடினான். பத்தாவது நிமிஷம் விழுந்தான். நான் கோப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், அவன் ஆம்புலன்ஸ்ல போறான். இப்பல்லாம் சாயங்காலமானா அந்த ஜன்னலுக்கு வெளிய பூட்ஸ் சத்தம் கேக்குது டாக்டர். அடியில குமிழ் வெச்ச பூட்ஸ் சிமெண்டுத் தரையில நடந்தா வருமே, அது. வந்து நின்னு, "அண்ணே, இப்பவாவது பத்தும் சொல்லட்டுமா?"ங்கறான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சொல்லித் தொலைடான்னேன். தடுமாறாம பத்தும் சொன்னான். எனக்குத்தான் மனசுல ஒண்ணும் நிக்கல.

— இப்ப எத்தனை வருது? சொல்லுங்க பார்ப்போம்.

— குடை. ஊசி. அப்புறம்... இருங்க. குடை சொல்லிட்டேனா?

— சொல்லிட்டீங்க.

— நாய். அவ்வளவுதான்.

— மூணு. நடிக்கலையே?

— என் பொண்ணு மேல சத்தியமா இல்ல. அதுக்குத்தான் இந்த அவசரம். இதுவும் போறதுக்குள்ள, உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு அந்தம்மாவுக்குத் தெரியணும். அட, ஏன் பேனாவை மூடறீங்க?

— அந்தச் சீட்டெல்லாம் யார்கிட்ட இருந்துச்சு, கேப்டன்?

— உங்ககிட்ட.

— இருபத்தி மூணு சீட்டு. வாத்தியாருக்கு நாலு. வக்கீலுக்கு நாலு. எல்லாருக்கும் நாலு.

— டாக்டர்...

— பேப்பரை இப்படிக் கொடுங்க.

— ரொம்ப நேரமா எழுதறீங்களே. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே.

— முடிஞ்சுது. படிக்கறேன், கேளுங்க. "அம்மா, உங்கள் கணவர் மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பொய் சொல்ல வைத்த கேப்டன், இன்று சொந்த வீட்டில் குளியலறைக் கதவைத் தேடிக்கொண்டிருக்கிறார். டாக்டர் வேலையை விட்டுவிட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். நாலு என்ற அந்தக் கணக்கு பொய் என்று டாக்டருக்கு முதல் நாளே தெரியும்."