மூன்றாம் ஓலை

மஞ்சூர் பஸ்ஸில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன், மேடம். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட குடை. யாராவது ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அது என் தங்கை பிரிஸில்லாவுடையது. கடைசியாகக் குன்னூர் வந்தபோது எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். அவளுக்கு இனி தேவைப்படாது. ஆனாலும் தொலைத்துவிட்டேன் என்றால் அம்மா வருத்தப்படுவார்.

என் பெயர் கெஸியா. ஆல்டர்ஹில் எஸ்டேட்டின் குன்னூர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஜெஃப்ரியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். சைரனை நிறுத்தியது அவர் இல்லை. அவரால் முடியாது. அவருக்கு அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். எனக்கும் ஜெஃப்ரிக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்தபடி அப்பாவிடம் ஏதோ சொன்னார். பிரிஸில்லா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுததை வைத்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

நான் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட மாட்டோம். எனக்கு எடுத்த வெள்ளைப் பட்டைத்தான் அவள் கட்டினாள். ஜாக்கெட்டை மட்டும் பிரித்துச் சிறிதாக்கித் தைத்தார்கள். "நீ கட்டவே இல்லையேக்கா, சும்மா பீரோவுல கெடந்தா வீணாத்தான போகும்?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததே நான்தான். அவர்களுக்கு மூன்று ஓலையும் வாசித்தபோது நான் பாடகர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்சேபணை உண்டா என்று மூன்று முறையும் போதகர் கேட்டார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை என்னைக் கெஸி என்று கூப்பிட்ட ஜெஃப்ரி, கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அக்கா என்று கூப்பிட்டார். மனைவியின் அக்காவை அப்படித்தானே கூப்பிட வேண்டும். இட்லி வைத்தேன். "போதுங்கக்கா," என்றார்.

அவர் ஆல்டர்ஹில்லில் உதவி மேலாளர். அவர்கள் குடியிருப்பு மலைச்சரிவின் அடியில் இருக்கிறது. அதற்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். முன்பு ஒரு மழையில் அங்கே மண் சரிந்ததால், சரிவில் கருவிகள் புதைத்துச் சைரன் வைத்தார்கள். மண் நகர்ந்தால் சைரன் ஊதும். ஊதினால் எல்லோரும் மேலேயுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். கருவிகளைக் கவனித்து சைரனை ஊதவைக்கும் சர்வீஸ், ஃபாக்டரியில் தேயிலைக் கொழுந்து எடை போடும் அதே பழைய யூனிக்ஸ் சர்வரில்தான் ஓடியது. அதை நிறுவியதும் நான்தான்.

சர்வரும் ஒரு வீடு மாதிரிதான், மேடம். எழும்போது எந்த நிலையில் எழ வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். ரன் லெவல் என்போம். ஒன்று என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஆள் இருக்கும் வீடு. மூன்று என்றால் அடுப்பு பற்றவைத்து, வாசல் திறந்து, ஆள் நடமாட்டம் தொடங்கிய வீடு. மூன்றாம் நிலையில் எந்தெந்த சர்வீஸ் எழ வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்லி வைக்கிறோம்.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. இப்போது ஓடும் சர்வீஸை நிறுத்துவது வேறு. அடுத்த முறை சர்வர் எழும்போது இதை எழுப்பாதே என்று சொல்லி வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் இன்றைக்கு ஒன்றும் மாறாது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். யார் சோதித்தாலும் நன்றாக இருப்பதாகவே தெரியும்.

போன மாசியில் பிரிஸில்லா போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். "பொண்ணாப் பொறந்தா உம்பேரையே வைக்கலாம்னு அவரு சொல்றாருக்கா. அப்பவாச்சும் எங்க மேல கோவம் போயிருமில்ல?" என்று சிரித்தாள். எனக்குக் கோபமே இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு அந்த ஒரு வரியை அடித்தேன். சைரனை நான் நிறுத்தவே இல்லை. அடுத்த முறை எழுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆல்டர்ஹில்லில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை சைரனை ஊதிப் பார்ப்பார்கள். ஊதியது. பிரிஸில்லா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். "கேக்குதா? உன் சைரன் ஊரையே தூக்குது." சர்வரை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு ஊதிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கொழுந்து எடை நிற்கும் என்பதால் சர்வரை அணைக்கவே மாட்டார்கள். அது நின்றதே இல்லை என்பது அவர்களுக்குப் பெருமை.

ஆடி மழை வந்தது. அன்று மதியம் ஜெஃப்ரி அழைத்தார்.

"அக்கா, எடை ஸ்கிரீன் அப்படியே நின்னுருச்சுங்க. கொழுந்து வண்டிக வரிசையா நிக்குது, டிரைவருங்க என்னைப் பிச்சுத் திங்கறானுங்க. ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடட்டுங்களா?"

"போடுங்க. பதறாமப் போடுங்க."

"மழை வேற கொட்டுது. சைரனுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"அது தானா வந்துரும்."

அந்த ஒன்றுதான் நான் சொன்ன பொய். சர்வர் மூன்றாம் நிலையில் எழுந்தது. குன்னூரிலிருந்தே என் திரையில் பார்த்தேன். எடை வந்தது, பிரிண்டர் வந்தது. சைரன் வரவில்லை. ஒரு வரி அடித்தால் போதும், வந்திருக்கும். சாரல் உள்ளே அடித்ததால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

சாயங்காலம் பிரிஸில்லா அழைத்தாள்.

"அக்கா, மலைப்பக்கம் என்னமோ உறுமற மாதிரிச் சத்தம் கேக்குது. அவரு போனை எடுக்கல. பொன்னாயி அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாங்குது."

பொன்னாயி லயத்தில் இருப்பவர். மாசமாக இருக்கிற பெண்ணைத் தனியே விடக்கூடாது என்று வேலை முடிந்து வந்து துணைக்கு இருப்பார். அவருடைய குரலும் எனக்குக் கேட்டது. "கெளம்பு புள்ள, பொறவு பேசிக்கலாம். லயத்துச் சனத்தையும் கூப்பிட்டுக்கிருவோம்."

"இந்த மழைல நனைஞ்சுக்கிட்டு அவ்வளவு படி ஏறணுமாக்கா? சைரனும் ஊதல. நீயே சொல்லு."

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைக் காதால் கேட்டவர்கள் யாரும் மிஞ்சவில்லை. நானே சொல்கிறேன்.

"சைரன் ஊதலைன்னா ஒண்ணும் இல்ல பிரிஸி. மழைல போயி வழுக்கி விழுந்துட்டா என்ன பண்ணுவ? கதவச் சாத்திட்டுப் படுத்துக்கோ."

"செரிக்கா," என்றாள். பொன்னாயியிடம், "அக்காதான் அந்தச் சைரனையே வெச்சுது, அதுக்குத் தெரியாதா?" என்று அவள் சொன்னதும் கேட்டது. நான் சொல்வதை அவள் கேட்டு நடந்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான்.

இருட்டுவதற்குள் மலை சரிந்து குடியிருப்பையும் லயத்தையும் மூடிவிட்டது. லயத்தில் இருந்தவர்களோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. வீரையா, அவர் மனைவி, பள்ளி விட்டு வந்திருந்த பிள்ளைகள், பொன்னாயி. அடக்கத்துக்கு எல்லோருக்கும் நானே மாலை வாங்கிப் போட்டேன். ஜெஃப்ரி ஃபாக்டரியில் இருந்தார். கொழுந்து வருகிற நாளில் இருட்டும்வரை அவர் அங்கேதான் இருப்பார். அது எனக்குத் தெரியும்.

வெளியூர் இன்ஜினியர் ஒருவர் சர்வரைப் பிரித்துப் பார்த்து, சைரன் எழக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். சும்மா சும்மா சைரன் ஊதி வேலை கெடுகிறது என்று ஜெஃப்ரி முன்பு ஒருமுறை புகார் செய்திருந்தார். அன்றைக்கு சர்வரை அணைத்ததும் அவர்தான். அதனால் அவரைக் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த வரியை அடித்தது நான். எந்தப் பாஸ்வேர்டில், எந்த நாளில் என்று எழுதித் தருகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் தங்கையையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் லயத்து ஆட்களையும் கொன்றது நான்தான்.

கொண்டுவந்த நாளிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னார். சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். என்னிடம் கேட்டுத்தான் அணைத்ததாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, பாருங்கள்.

அவரை விடும்போது, நான் வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அக்கா வந்தாள் என்று சொல்லாதீர்கள், கெஸி வந்தாள் என்று சொல்லுங்கள். எனக்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும் அவர் காத்திருப்பார். போதகரிடம் நானே பேசிக்கொள்கிறேன். எங்களுக்கு இரண்டு ஓலை ஏற்கெனவே வாசித்தாகிவிட்டது, மேடம். மூன்றாவது மட்டும்தான் பாக்கி.