ஜெரேனியத்துக்கு வந்த சீக்கு

சுப்புராஜ்: ...இந்த வாரமும் எங்க செடிக்கடைக்கா? குடுங்க டீச்சர், இலையப் பாப்போம்.

வீரலட்சுமி: சிரிக்காதிய. எங்க தெரு யூதப் பாட்டி சாராம்மா இஸ்ரேலுக்குக் கப்பலேறும்போது என்னய நம்பிக் குடுத்த ஜெரேனியம் செடி.

சுப்புராஜ்: மொத மொத இலை மஞ்சளாச்சு. தண்ணியக் கொறைக்கச் சொன்னேன்.

வீரலட்சுமி: கொறைச்சேன். மண்ணுல வெரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான்...

சுப்புராஜ்: பொறவு இலைக்கு அடியில துரு மாதிரி வளையம்.

வீரலட்சுமி: அந்த இலையெல்லாம் கிள்ளி எரிச்சுட்டேன். இப்போ ஓட்டை! பாருங்க, புழுதான?

சுப்புராஜ்: புழு தின்னா ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசால்லா இருக்கும்? இது அஞ்சும் ஒரே அளவு... ஒரே வரிசை.

வீரலட்சுமி: அது... எனக்கென்ன தெரியும்?

சுப்புராஜ்: கொச்சியில, இந்த மட்டாஞ்சேரிப் புழுவுக்குத் தையல் தெரியும் போல.

வீரலட்சுமி: தையல் டீச்சர்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா?

சுப்புராஜ்: நான் புழுவத்தான் சொன்னேன்.

வீரலட்சுமி: மருந்தச் சொல்லுங்க, போறேன்.

சுப்புராஜ்: வேப்பம்புண்ணாக்க ஊற வச்சு ஊத்துங்க. அடுத்த சனிக்கிழமை... இல்ல. அடுத்த சனிக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன்.

வீரலட்சுமி: ஊருக்கா?

சுப்புராஜ்: களமசேரிக்கு. ஒரு ஃபாக்டரில தோட்டம் போடுதாக. தங்க வீடும் உண்டு.

வீரலட்சுமி: எப்போ திரும்பி வருவிய?

சுப்புராஜ்: திரும்புற வேலை இல்ல டீச்சர்.

வீரலட்சுமி: அப்போ... என் செடிய யாரு பாப்பாக?

சுப்புராஜ்: எங்க மொதலாளி சேட்டன் இருக்காரு.

வீரலட்சுமி: அவருக்கு என்ன தெரியும்!

சுப்புராஜ்: எனக்குக் கத்துக் குடுத்ததே அவருதான்... என்ன, கண்ணு கலங்குது?

வீரலட்சுமி: புண்ணாக்கு வாடை.

சுப்புராஜ்: புண்ணாக்கு மூடை இன்னும் வந்தே சேரல டீச்சர்.

வீரலட்சுமி: அப்போ... தூசி விழுந்துருக்கும்.

சுப்புராஜ்: ஒண்ணு கேக்கேன். இங்க வார நம்ம ஊர்க்காரவுக எல்லாரும் என்னய அண்ணாச்சிங்காக. நீங்க மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல.

வீரலட்சுமி: எனக்கு ஏற்கெனவே ரெண்டு அண்ணன் உண்டு. போதும்.

சுப்புராஜ்: அவுக சம்மதிப்பாகளா?

வீரலட்சுமி: எதுக்கு?

சுப்புராஜ்: நீங்க களமசேரிக்கு வாரதுக்கு.

வீரலட்சுமி: ஐயோ... இப்படியா கேப்பாக? ஓட்டை இலையக் கையில வச்சுக்கிட்டு!

சுப்புராஜ்: கீழ வச்சுட்டேன். இப்போ சொல்லுங்க.

வீரலட்சுமி: பெரியண்ணன் சம்மதிப்பாக. சின்னண்ணன நான் பேசிச் சரிக்கட்டிருவேன். ஆனா... ஒரு பொய் இருக்கு. அதச் சொல்லாம வர மனசில்ல.

சுப்புராஜ்: சொல்லுங்க.

வீரலட்சுமி: கோவிக்கக் கூடாது.

சுப்புராஜ்: மாட்டேன்.

வீரலட்சுமி: சாராம்மா செடி தண்டு கறுத்து, அழுகி, செத்து ரெண்டு மாசமாச்சு. இங்க வாரதுக்கு வேற சாக்கு கெடைக்கல. அதுக்குப் பொறவு கொண்டாந்த இலையெல்லாம்... உங்க கடை வாசல் தொட்டியில கிள்ளுனது.

சுப்புராஜ்: தெரியும். அந்தத் தொட்டிய மூணு பேரு வெலைக்குக் கேட்டாக. சீக்குப் புடிச்ச செடின்னு பொய் சொல்லி, விக்க விடாம வச்சிருந்ததே நான்தான்.