பெரியக்கா தெருவில் நடந்த நாள்

— ஏணியில ஏறாதீங்க. அந்தப் பெட்டி பரண்ல இல்ல.

— எந்தப் பெட்டிம்மா? நான் வந்து... அண்ணன் என்கிட்ட இரவல் வாங்கின டிரில் மிஷினைத் தேடித்தான்...

— முடி வெட்டுறவருக்கு எதுக்குங்க டிரில் மிஷின்? யார் மண்டையில ஓட்டை போடப் போறீங்க?

— வந்து... கடையில புதுக் கண்ணாடி மாட்டணும்.

— நான் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இறங்குங்க. பெட்டி என் கட்டிலுக்கு அடியில இருக்கு.

— திறந்துட்டீங்களா?

— பூட்டை உடைச்சுட்டேன். புருஷனைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வச்சுட்டு வந்து பரணைத் துடைச்சா, பூட்டின பெட்டி ஒண்ணு கெடக்கு. எவதான் சும்மா இருப்பா? உக்காருங்க முதல்ல. கால் நடுங்குது உங்களுக்கு.

— குளிரும்மா.

— ஜன்னல் சாத்தித்தான் இருக்கு.

— நீங்களும்தான் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கிறீங்க.

— இது பழக்கம். கோவம் வந்தாலும் போர்த்திக்குவேன், அழுகை வந்தாலும் போர்த்திக்குவேன். இப்ப ரெண்டும் வருது. சொல்லுங்க, அவ யாரு?

— யாரும்மா?

— பெட்டிக்காரி. ரெண்டு கவுனு, பூப்போட்ட பாவாடை, ஊதாச் சட்டை, பவுடர் டப்பா, முடி கிளிப்பு. எல்லாம் சின்ன உடம்புக்காரியோடது. என் கை ஒண்ணுகூட நுழையாது அந்தச் சட்டையில. தலையில முடியே இல்லாத மனுஷன் மாசம் ரெண்டு தடவை உங்க சலூனுக்கு வந்தாரே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும். உங்க கடைதான் பஸ் ஸ்டாப்பு, இல்லையா? அங்க இறங்கி அவ வீட்டுக்கு நடந்துடுவாரு.

— வந்து... ஆமாம்மா. ஒருத்தங்க இருந்தாங்க.

— பட்டுனு ஒத்துக்கிட்டீங்களே!

— தப்பா எடுத்துக்காதீங்க.

— எப்படி எடுத்துக்கணும்? சொல்லிக் குடுங்க, அப்படியே எடுத்துக்கறேன். இல்லவே இல்லன்னு அடிச்சுப் பேசுவீங்கன்னு நம்பித்தாங்க கேட்டேன்... பேரு என்ன அவளுக்கு?

— குருவின்னு கூப்பிடுவோம்.

— குருவி! அவரு யானை, அவ குருவி. பொருத்தம்தான். சரி, அந்தக் குருவியை இங்க கூட்டிட்டு வாங்க. அடிக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.

— என்ன கேள்விம்மா?

— வர்ற ஏழாம் தேதி வந்தா என் குழந்தை போயி முப்பது வருஷம். ஒரு நாள்கூட முழுசா இல்ல அது. பொம்பளைங்க வார்டு, ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னு அவரை வாசல்லயே நிறுத்திட்டாங்க. அது ஆஸ்பத்திரி சட்டம், விடுங்க. ஆனா என் தம்பி வந்து பார்த்தா, வாசல்ல அவரு இல்ல. தெருவுல இல்ல, வேலைக்கும் போகல, வீடும் பூட்டியிருக்கு. காலையில காணாமப் போன மனுஷன் இருட்டின பிறகுதான் வந்தாரு. எங்க போனீங்கன்னா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இங்கதான் இருந்தேன்"னாரு. சாகற வரைக்கும் அதே பதில்.

— ஐயோ.

— உள்ள நான் தனியா கெடந்தேன். ரத்தம் போயி அரை மயக்கம். மூக்குக் கண்ணாடியையும் கழட்டி வச்சுட்டாங்க, ஒண்ணும் தெரியல. யாரோ ஒரு மகராசி, பாவம், வாய் பேச வராதவங்க, அவங்கதான் அன்னைக்குப் பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்கூட அழுதாங்க. போகும்போது நான் நடுங்கறதைப் பார்த்து, தன் மேல இருந்ததை எடுத்து எனக்குப் போர்த்திட்டுப் போனாங்க. முன்னபின்ன தெரியாத ஒருத்திக்கு இருந்த ஈரம், கட்டினவருக்கு இல்ல. இவரு மீசையை மட்டும் எடுத்துட்டு வந்து நின்னாரு. துக்கமாம்!

— அம்மா...

— குருவியை வரச் சொல்லுங்க. அன்னைக்கு அவரு உன் வீட்லதானே இருந்தாருன்னு கேக்கணும். ஆமான்னு சொல்லிட்டா, நான் அழறதை நிறுத்திடுவேன். அவ்வளவுதான்.

— அவரு குருவி வீட்ல இல்லம்மா. சத்தியமா இல்ல. அப்ப குருவிக்கு அவரைத் தெரியவே தெரியாது.

— அவளுக்கு நீங்க ஏன் வக்கீலு?

— ஏன்னா... அந்தக் குருவி நான்தாம்மா.

— என்னது?

— அந்தத் துணி எல்லாம் என்னோடது.

— என்னங்க உளர்றீங்க?

— ஊதாச் சட்டையில இடது அக்குள்ல ஒட்டுப் போட்டிருக்கும். அது நான் போட்ட ஒட்டு. வேணும்னா எடுத்துட்டு வந்து என் தோள்ல வச்சுப் பாருங்க.

— நில்லுங்க. நேரா நில்லுங்க. கையைத் தூக்குங்க... அட கடவுளே. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!

— அளவெடுத்துத்தாம்மா தச்சாங்க.

— நான் உக்காரணும்.

— தண்ணி கொண்டாரட்டுமா?

— என் வீட்ல எனக்கே தண்ணி குடுக்கறீங்களா? இருங்க, இருங்க. அப்ப நீங்களும்... அவரும்...

— ஐயையோ, நீங்க நெனைக்கிற மாதிரி இல்லம்மா! எனக்குப் பொண்டாட்டி இருக்கா, கட்டிக் குடுத்த பொண்ணு இருக்கா. எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாது. பொம்பள உடுப்புப் போட்டுக்கிட்டா எங்களுக்கு மனசு அடங்கும். ஏன்னு கேட்டா தெரியாது. கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவோம், சிரிப்போம். அப்புறம் கழட்டி மடிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவோம்.

— எங்களுக்குன்னா? அவருக்குமா?

— அவங்கதாம்மா எங்க எல்லாருக்கும் பெரியக்கா.

— அக்காவா! தும்மினா பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துக்கும். கிடங்குல பெயிண்ட் டின்னை ரெண்டு ரெண்டா தோள்ல தூக்கிட்டுப் போவாரு. அந்த மனுஷன் அக்காவா?

— மீசையோடயே கவுன் போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்களாம் அந்தக் காலத்துல. அழுதுக்கிட்டு வந்தவன்கூட சிரிச்சுடுவானாம்.

— பொய். அவரு துணி ஒண்ணுகூட இந்த வீட்ல இல்லையே.

— என் வீட்டுப் பரண்ல இருக்கு. மாத்தி வச்சுக்குவோம்மா. பெரிய உடம்புக்காரர் பெட்டி சின்ன உடம்புக்காரர் வீட்ல, சின்னவர் பெட்டி பெரியவர் வீட்ல. பொண்டாட்டி திறந்து பார்த்தாலும், இதைப் புருஷன் போட்டுக்கறாருன்னு தோணவே தோணாது. வேற பொம்பளன்னுதான் நெனைப்பாங்க. நெனைச்சா, ஆமான்னு ஒத்துக்கணும். ஒருத்தர் போயிட்டா, இன்னொருத்தர் வந்து பெட்டியை எடுத்துடணும். சங்கம் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இதான் எங்க ஏற்பாடு.

— வேற ஒருத்தி இருக்கான்னு சொல்லச் சொல்லி ஒரு சங்கமா? இதென்னங்க அநியாயம்!

— அதை ஊர் மன்னிச்சுடும்மா. இதை மன்னிக்காது. எங்கள்ல ஒரு வாத்தியார், தன் வீட்ல உண்மையைச் சொன்னாரு. கூடப் பொறந்தவங்களே கையை ஒடிச்சாங்க. பள்ளிக்கூடத்துக்கும் ஆள் விட்டுச் சொல்லி, வேலையும் போச்சு.

— எனக்குத் தலை சுத்துது. எங்கதான் கூடுவீங்க?

— முதல்ல அச்சாபீஸ் மாடியிலயாம். மிஷின் ஓடற சத்தத்துல நாங்க சிரிக்கிறது கீழ கேக்காது. பேப்பர்ல, உயரமான பெண்களுக்குத் தையல் வகுப்புன்னு விளம்பரம் குடுத்திருக்காங்க. புரிஞ்சவன் வருவான்னு. நிஜமாவே உயரமா ஒரு பொம்பள தையல் கத்துக்க வந்து நின்னுட்டாங்களாம்!

— அப்புறம்?

— விஷயத்தைக் கேட்டுட்டு, ஓடிடுவாங்கன்னு பார்த்தா, உக்காந்துட்டாங்க. எங்களுக்குத் துணி தச்சுக் குடுத்தது அவங்கதான். என் ஊதாச் சட்டையும் அவங்க கைவேலைதான்.

— உங்களுக்குன்னு ஆளு கெடைச்சிருக்கு பாருங்க.

— சிரிக்காதீங்கம்மா. ஒரு தடவை போலீஸ் வந்துச்சு. உடுப்பை மாத்தக்கூட விடல. அப்படியே வேன்ல ஏத்தி, கடைத்தெரு வழியா மெதுவா ஓட்டிட்டுப் போனாங்களாம், ஊரே பாக்கட்டும்னு. அதுக்கு அப்புறம் அந்த மாடிப்படிக்குக் கீழ ஒருத்தரும் அந்த உடுப்போட கால் வைக்கல. வருஷக்கணக்கா. முதல் முதல்ல இறங்கினது பெரியக்காதான்.

— அவரு எதுக்கு இறங்கினாரு?

— அதான் யாருக்கும் தெரியாது. நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. ஒரு நாள் காலையில மூச்சு வாங்க ஓடி வந்தாங்களாம். மீசையை மழிச்சாங்க, டோப்பா மாட்டிக்கிட்டாங்க, கவுனைப் போட்டுக்கிட்டு விறுவிறுன்னு படியில இறங்கிட்டாங்க. பட்டப்பகல், கடைத்தெரு. பிடிச்சு நிறுத்தக்கூட யாருக்கும் தைரியம் இல்ல. இருட்டினப்புறம்தான் திரும்பினாங்க. ஒரே அழுகை. எங்க போனீங்கன்னா வாயே திறக்கல. பயந்து போயிட்டாங்கன்னு எல்லாரும் விட்டுட்டாங்க.

— மீசையை... அன்னைக்கா எடுத்தாரு?

— ஆமாம்மா. அக்கா போனாங்க, திரும்பி வந்தாங்க, ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலயேன்னுதான் மத்தவங்களுக்குத் தெம்பு வந்துச்சு. ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. இப்பச் சின்னப் பசங்க ஹாலை வாடகைக்கு எடுத்து, மைக் வச்சுப் பேசுறாங்க. அந்த நாளைத்தான் வருஷா வருஷம் கொண்டாடறோம், பெரியக்கா தெருவுல நடந்த நாள்னு. பாட்டு, கேக்கு, ஆட்டம். அவங்க மட்டும் கேக்கைத் தொட மாட்டாங்க. மூலையில உக்காந்திருப்பாங்க. என்ன ஒரு அடக்கம்னு நாங்க பேசிக்குவோம்.

— என்னைக்கு அது?

— வர்ற ஏழாம் தேதிம்மா. அவங்க இல்லாத முதல் வருஷம்.

— ஏழாம் தேதி அவருக்குக் கிடங்குல ஸ்டாக் எடுக்கற நாளு. குழந்தை போன நாள்லகூட வீட்ல இருக்க மாட்டாரேன்னு வருஷா வருஷம் சண்டை போடுவேன்...

— அம்மா? ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க?

— தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குப் போட்டுட்டுப் போனதெல்லாம் அப்படியே திரும்பி வந்துச்சா?

— ஒண்ணே ஒண்ணு வரலன்னு சொல்வாங்க. அவங்களே பின்னின சால்வை. ஓடி வந்த ஓட்டத்துல எங்கயோ தொலைச்சுட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்ணுவோம்.

— ஒரு மூலையில மட்டும் சிவப்பு நூலா?

— ஆமா, சாம்பல் நூல் தீர்ந்து போயி... உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— அவரு தொலைக்கல தம்பி. நீங்க உள்ள வந்ததுலேர்ந்து அது என் தோள்லதான் கெடக்கு.